மேல்தளம் இருந்த இடம்

இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில், தென் பிரான்சின் அனியான் என்ற சிற்றூரில் ஒரு தோட்டம் இருந்தது. உள்ளூர் நீதிபதி ஒருவருடைய தோட்டம். அங்கே திராட்சைக் கொடி பந்தலில் படர்ந்து நிழல் தந்தது. பந்தலுக்குக் காலாக நின்றவை செதுக்கிய சுண்ணாம்புக்கல் தூண்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துறவுமடத்தின் கூரையைத் தாங்குவதற்காகச் செதுக்கப்பட்டவை. ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவில், ஒரு மலை இடுக்கில் இருந்து வந்து சேர்ந்தவை.

தோட்டத்துக்காரர் அவற்றை உடைக்கவில்லை, சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரிக்கவும் இல்லை. அழகாக இருக்கிறது என்று நட்டு வைத்தார். 1906க்கு முன்பே அமெரிக்கச் சிற்பி ஒருவர் அவற்றைப் பார்த்து வாங்கினார். இன்று அவை நியூயார்க்கில் இருக்கின்றன. அவை புறப்பட்ட ஊரிலும் ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. போகாமல் தங்கிவிட்ட கற்கள் அங்கே இருக்கின்றன. நான் எழுத நினைப்பது அந்தச் சின்னக் கூடத்தைப் பற்றி.

ஊரின் பெயர் சேன் கியேம் லெ தெசேர். தெசேர் என்றால் பாலை. மணல் பறக்கும் பாலை அங்கே கிடையாது. உலகை விட்டு ஒதுங்கியவர் வாழும் ஆளரவமற்ற இடம் என்று பழைய கிறித்தவத் துறவிகள் அந்தச் சொல்லை வழங்கினார்கள். அந்தப் பொருளில்தான் ஊருக்கு அந்தப் பெயர். வெர்தூஸ் என்ற ஓடை எரோ ஆற்றில் வந்து கலக்கும் இடத்திலிருந்து ஒரு குறுகிய பள்ளத்தாக்கு மேலேறுகிறது. இரண்டு பக்கமும் வெளுத்த சுண்ணாம்புப் பாறைகள். ஓடையை ஒட்டிய ஒற்றைத் தெருவாக ஊர் நீண்டு கிடக்கிறது. இங்கே வசிப்பவர்கள் சில நூறு பேருக்கு மேல் இல்லை.

804ஆம் ஆண்டு கியேம் என்பவர் இங்கே ஒரு மடத்தை நிறுவினார். அவர் பேரரசர் ஷார்லமேனின் உறவினர். துலூஸ் பகுதியை ஆண்ட கோமான். 801இல் பார்சலோனாவைக் கைப்பற்றிய படையில் முன்னின்றவர். அருகே அனியானில் மடம் கட்டியிருந்த நண்பர் பெனடிக்டின் வழியைப் பின்பற்றி, 806இல் தாமே வாளை வைத்துவிட்டுத் துறவியானார். இயேசு அறையுண்ட சிலுவையின் துண்டு ஒன்றைப் பேரரசரே அவரிடம் கொடுத்தார் என்பது மடத்தின் மரபு. அந்தத் துண்டைத் தொழவும், புனிதராகிவிட்ட கியேமின் கல்லறையைக் காணவும் மக்கள் வந்தார்கள். ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்களின் பாதையில் ஊர் ஒரு தங்குமிடமானது. பாணர்கள் கியேமின் வீரத்தைக் காவியப் பாடல்களாகப் பாடினார்கள். வந்தவர்களின் காணிக்கையில் மடம் வளர்ந்தது. இன்று நிற்கும் தேவாலயம் 11ஆம் நூற்றாண்டில் எழும்பியது.

தேவாலயத்தை ஒட்டி, மடத்தின் நடுவே, ஒரு முற்றமும் அதைச் சுற்றி நான்கு பக்கமும் தூண் வரிசையோடு கூடிய தாழ்வாரமும் இருந்தன. நம் பழைய முற்றத்து வீட்டையோ கோயிலின் திருச்சுற்று மாளிகையையோ நினைத்துக்கொண்டால் அமைப்பு விளங்கிவிடும். துறவியின் வாழ்நாளில் பெரும்பகுதி இந்தச் சுற்றில் கழியும். வழிபாட்டுக்கு இதன் வழியாகப் போவான். இங்கே உட்கார்ந்து படிப்பான், வாய்க்குள் சங்கீதங்களை முணுமுணுத்தபடி நடப்பான். ஒரு நாளில் பலமுறை, பல்லாண்டு காலம், அதே தூண்களைக் கடந்து போவான். எந்தத் தூணின் எந்த இலை எந்த நேரத்து வெயிலில் எப்படித் தெரியும் என்பது அவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

ஆகவே அங்கே செதுக்கியவர்கள் அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிறவருக்காகச் செதுக்கவில்லை. முதலில் 11ஆம் நூற்றாண்டில் எளிய வளைவுகளோடு கீழ்த்தளம் கட்டினார்கள். பிறகு 12ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதன் மேல் இரண்டாவது தாழ்வாரம் எழுந்தது. சிற்பிகளின் முழுத் திறனும் இறங்கியது அந்த மேல்தளத்தில்தான். ஒரு தூணின் உடல் முழுக்க வளைவு நெளிவாக ஓடும் கோடுகள். இன்னொன்று பனந்தண்டு போலச் செதில் செதிலாக இருக்கிறது. நம் தூண்களில் போதிகை அமரும் இடத்தில் இங்கே ஒரு தலைக்கல் அமர்கிறது. அதில் அகாந்தஸ் இலைகள் சுருண்டு விரிகின்றன. துரப்பணத்தால் வரிசையாகத் துளைத்து, வெளிச்சத்தையும் இருட்டையும் தேன்கூடு போலக் கோத்திருக்கிறார்கள். அந்த வட்டாரம் முழுவதும் உரோமர்கள் விட்டுப்போன கோயில்களும் கல்லறைகளும் கிடந்தன. ஆயிரம் ஆண்டு பழைய உரோமக் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கற்ற கை இது. ஒரு தலைக்கல்லில் நரகத்தின் வாய் திறந்திருக்கிறது. பேய்கள் பாவிகளை அதற்குள் தள்ளுகின்றன.

இத்தகைய செதுக்குவேலை மடத்துக்குத் தேவையா என்ற கேள்வியை அந்தக் காலமே கேட்டது. கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்ட், 1125ஐ ஒட்டி எழுதிய ஒரு மடலில், படிக்க வேண்டிய துறவியின் கண் இந்த விசித்திர உருவங்களில் மயங்கி நிற்கிறதே என்று வருந்தினார். அவர் கண்டித்தார்தான். ஆனாலும் அந்தக் கண்டனமே நமக்கு ஒன்றைச் சொல்லித் தருகிறது. துறவிகள் அந்தக் கற்களை உண்மையாகவே பார்த்தார்கள், நெடுநேரம் பார்த்தார்கள், புத்தகத்தை மறந்து பார்த்தார்கள். வாழ்க்கையோடு கலந்திருந்த சிற்பம் அது.

அந்த வாழ்க்கை ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் மதப்போர்கள் மடத்தைச் சேதப்படுத்தின. 17ஆம் நூற்றாண்டில் ஒரு சீர்திருத்தச் சபையினர் வந்து மீண்டும் உயிரூட்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சி நெருங்கியபோது துறவிகள் சிலரே எஞ்சியிருந்தார்கள். ஆனாலும் அந்தச் சிலரும் தங்கள் தேவாலயத்துக்குப் புதிய ஆர்கன் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். ழான் பியேர் கவையே என்ற பெயர்பெற்ற கைவினைஞர் அதைச் செய்துகொண்டிருந்தார். 1789 வந்தது, வேலை அப்படியே நின்றது. முடிவடையாத அந்த ஆர்கன் இன்றும் தேவாலயத்தில் இருக்கிறது, இசைக்கவும் படுகிறது. மடம் தன் முடிவை எதிர்பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

புரட்சி அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துகளை விற்றது. தேவாலயம் ஊர்மக்களின் வழிபாட்டுக்கு நின்றது, அதனால் தப்பியது. தாழ்வாரச் சுற்றுக்கு அப்படி ஒரு பயன் சொல்ல ஆளில்லை. அது ஒரு கொத்தனார் கைக்குப் போனது. கொத்தனார் கண்ணுக்குக் கட்டிய கட்டிடம் என்பது வெட்டித் தயாராக அடுக்கி வைத்த கல். மலையில் போய்ப் புதிதாக உடைக்க வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் யாருக்குச் சுவர் வேண்டுமோ, யாருக்குப் படி வேண்டுமோ, அவர்களுக்கு அது போனது. ஐரோப்பா முழுவதும் நூற்றுக்கணக்கான மடங்களுக்கு நேர்ந்தது இதுதான். வெறுப்பில் இடித்தவை குறைவு. தேவை முடிந்தது என்று நினைத்துக் கழற்றியவையே அதிகம். உருவத்தின் முகத்தை உடைப்பவன் அதற்கு ஏதோ சக்தி இருப்பதாக நம்பித்தான் உடைக்கிறான். கல்லை அளந்து விலைபேசுகிறவனுக்கு அந்த நம்பிக்கையும் தேவைப்படுவதில்லை.

அந்தத் தூண்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோன சிற்பியின் பெயர் ஜார்ஜ் கிரே பர்னார்ட். பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றக் கட்டிடத்துக்குப் பெரிய சிலைத் தொகுதி செய்யும் பணியை ஏற்று, பிரான்சில் தங்கி வேலை செய்தவர். பணம் வருவது தடைப்பட்டபோது, நாட்டுப்புறங்களில் அலைந்து பழைய சிற்பங்களைத் தேடி வாங்கி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். விற்க மனம் வராதவற்றைத் தமக்காகச் சேர்த்தார். பண்ணைகளிலும் கிணற்றடிகளிலும் கிடந்தவற்றை, அருகே இருந்தவர்களே மதிக்காத காலத்தில், அவர் மதித்தார். 1913 டிசம்பர் 31 அன்று பிரான்ஸ் தன் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் வலுவான சட்டத்தை இயற்றியது. அதற்குள் அவர் சேகரித்தவை கடல் தாண்டிவிட்டன. 1914இல் நியூயார்க்கில் தம் சேகரிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். 1925இல் செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் கொடுத்த பணத்தில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதை வாங்கியது. 1938இல் ஹட்சன் ஆற்றைப் பார்த்த குன்றின்மேல் ‘க்ளாய்ஸ்டர்ஸ்’ என்ற தனி அருங்காட்சியகம் எழுந்தது. ஆற்றின் எதிர்க்கரையில் கட்டிடங்கள் முளைத்துக் காட்சி கெடக்கூடாது என்று அந்தக் கரையின் நிலத்தையும் ராக்ஃபெல்லர் வாங்கிக் காப்பாற்றினார்.

அங்கே சேன் கியேம் தாழ்வாரத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். மழையும் பனியும் அந்தக் கற்களை இனித் தொடாது. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வந்து பார்க்கிறார்கள். அறிஞர்கள் ஒவ்வொரு தலைக்கல்லையும் அளந்து எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. பர்னார்ட் வந்திராவிட்டால் அந்தத் தூண்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போய்ச் சிதறியிருக்கலாம். காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும்.

நன்றி சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மெட்ரோபாலிட்டன் பதிவேட்டில் இந்தத் தாழ்வாரக் கற்களின் எண் 25.120 என்று தொடங்குகிறது. 25 என்பது 1925. அருங்காட்சியகம் வாங்கிய ஆண்டு. பல அருங்காட்சியகங்களில் பொருள்களுக்கு எண் இடுவது இப்படித்தான். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண் ஓர் உண்மையைக் காட்டிவிடுகிறது. புதிய வீட்டில் கல்லின் கணக்கு அது வந்து சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய எழுநூறு ஆண்டுகளின் கணக்கை யார் வைத்திருப்பது?

சேன் கியேமின் சின்ன அருங்காட்சியகம் அந்தக் கணக்கை வைத்திருக்கிறது.

அது துறவிகளின் பழைய உணவுக்கூடத்தில் அமைந்திருக்கிறது. ஒருவர் நூலை உரக்க வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் உண்பது அவர்கள் விதி. அந்த மௌனத்துக்காகக் கட்டிய கூடத்தில் இன்று கற்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. பின்னல் கோலம் செதுக்கிய பழைய பலிபீடத் தடுப்புப் பலகைகள், கியேமின் சகோதரிகளுடையது என்று ஊர் நம்பும் சலவைக்கல் ஈமப்பேழை, தாழ்வாரத்திலிருந்து எஞ்சிய தலைக்கற்கள், உடைந்த துண்டுகள். முழு உருவங்கள் குறைவு. ஒரு மடிப்பு, ஒரு கை, இலையின் பாதி. நியூயார்க்கைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர் முதலில் ஏமாறக்கூடும்.

ஏன் இவை தங்கின என்று யோசித்தால் அந்த ஏமாற்றம் மாறிவிடும். முழுத்தூணுக்கு வாங்குபவர் கிடைப்பார். முகம் போன கல்லுக்கு யார் வருவார்? சந்தை அழகானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போயிற்று. அது கழித்துவிட்டுப் போனதில்தான் ஊரின் நினைவு தங்கியது. இந்தத் துண்டுகளின் உடைந்த விளிம்புகளையும் கல்லின் நிறத்தையும் உளி பட்ட தடத்தையும் வைத்துத்தான், கடலுக்கு அப்பால் இருக்கும் அழகிய கற்கள் எங்கே நின்றன, எதைத் தாங்கின என்று சொல்ல முடிகிறது. ஒரு தலைக்கல்லின் அளவு கீழே நிற்கும் சுவரின் அளவோடு பொருந்தும்போதுதான் அது சேன் கியேமின் கல் என்பது உறுதியாகிறது. போன கல் தன் அழகைக் காத்துக்கொண்டது. அதன் முகவரியைக் காத்தது எஞ்சிய கல்.

சின்ன அருங்காட்சியகத்தின் வேலை ஓசையில்லாத வேலை. சுண்ணாம்புக்கல் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு வரும் உப்பு உள்ளே படிகமாகி மேற்பரப்பைப் பொடிப்பொடியாகத் தள்ளும். ஓர் இலையின் நரம்பு சில பனிக்காலங்களில் மாவாகிவிடும். பழைய காலத்தில் ஒட்டுவதற்காகச் செருகிய இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று அரிக்கும். ஆகவே கல்லைத் தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். இரும்பை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைக்க வேண்டும், சுண்ணாம்புக் காரையால் பூச வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதி, எந்தச் சுவரில் எந்த மண்ணில் கிடைத்தது என்று குறித்து வைக்க வேண்டும். கையளவு துண்டு எங்கே கிடைத்தது என்ற குறிப்பு தொலைந்தால், அந்தத் துண்டு மறுபடியும் வெறும் கல்லாகிவிடும். கொத்தனாருக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே நமக்கும் தெரியத் தொடங்கும்.

சேன் கியேம் தனியான கதை இல்லை. அதே தென் பிரான்சில், ஸ்பெயின் எல்லைக்கு அருகே, சேன் ஜெனி தே ஃபோந்தேன் என்ற மடத்தின் தாழ்வாரச் சுற்றை 1924இல் கழற்றி விற்றார்கள். அதன் ஒரு பகுதி அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் அமைந்தது. அந்தக் கட்டிடத்திலேயே, அதே நூற்றாண்டில், இன்னொரு கூடமும் வந்து சேர்ந்தது: மதுரைக் கல்மண்டபம். அடெலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி 1912இல் மதுரை வந்தபோது, மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த, கழற்றிக் கிடந்த அறுபதுக்கும் மேற்பட்ட கருங்கல் சிற்பத் துண்டுகளை வாங்கினார். 1919இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். பிரெஞ்சுத் துறவிகள் நடந்த தாழ்வாரமும் மதுரைப் பக்தர்கள் நடந்த மண்டபமும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டையும் விற்றவர்களும் வாங்கியவர்களும் கேட்டது ஒரே கேள்வி: இந்தக் கல் இப்போது யாருக்குப் பயன்படுகிறது? அந்த நேரத்தில் ஊர் பதில் சொல்லவில்லை.

ஆனால் பதில் எப்போதும் தாமதமாகி வீணாகிவிடுவதில்லை. சேன் ஜெனியில் ஊராரும் அரசினரும் விழித்துக்கொண்டார்கள். பிரான்சிலேயே தங்கிவிட்ட பகுதிகளைத் திரும்பப் பெற்று, 1980களில் தொடங்கிய பணியில் தாழ்வாரத்தைப் பழைய இடத்திலேயே மீண்டும் எழுப்பினார்கள். அதற்குத் துணைநின்றது எஞ்சியிருந்த இடம்: முற்றம் அங்கேயே இருந்தது, சுவரின் அளவு அங்கேயே இருந்தது. கல் திரும்பி வருவதற்கு வீடு காத்திருக்க வேண்டும்.

எல்லாக் கற்களும் திரும்ப வேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. நூறு ஆண்டுகளாக ஓர் ஊரின் குழந்தைகள் பார்த்து வளர்ந்த கல்லுக்கு அங்கேயும் ஒரு வாழ்க்கை உண்டாகிவிடுகிறது. நான் கேட்பது வேறு. பெரிய அருங்காட்சியகத்தின் பெருமைக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்காவது, எஞ்சியதைக் காக்கும் சின்னக் கூடத்துக்குக் கிடைக்க வேண்டும். நியூயார்க்கில் நரகத்தின் வாயைப் பார்த்து வியப்பவர், அந்தக் கல் எந்த முற்றத்தை நோக்கி நின்றது என்பதையும் அறிய வேண்டும். சேன் கியேமின் பாதித் தலைக்கல்லைப் பார்ப்பவர், அதன் உடன்பிறந்தவை எங்கே என்பதையும் அதே நேரத்தில் அறிய வேண்டும். இரண்டு இடத்துப் பதிவேடுகளும் சேர்த்துப் படிக்கப்படும்போதுதான் ஒரு மடம் நமக்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் படித்தால் அழகிய கல் கிடைக்கும், அல்லது வருத்தம் கிடைக்கும்; மடம் கிடைக்காது.

1998இல் யுனெஸ்கோ, சந்தியாகோ யாத்திரைப் பாதைகளை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது, சேன் கியேமின் தேவாலயமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. முதுகில் பை சுமந்த யாத்திரிகர்கள் இன்றும் வருகிறார்கள். வெர்தூஸ் ஓடை அதே வழியில் ஓடுகிறது. தேவாலயத்தின் பக்கத்தில் அந்த முற்றம் இருக்கிறது. வடக்கிலும் மேற்கிலும் கீழ்த்தளத்தின் பழைய வளைவுகள் நிற்கின்றன: பருமனான, அலங்காரம் இல்லாத, 11ஆம் நூற்றாண்டு வளைவுகள். அவற்றுக்கு மேலே, செதில் தூண்களும் துளையிட்ட இலைகளும் இருந்த உயரத்தில், இப்போது பாறையும் வானமும் தெரிகின்றன.

முற்றத்தில் நின்று அந்த வெற்றிடத்தை அளக்கலாம். கீழ் வளைவின் அகலம் தெரிகிறது. கூடத்தில் உள்ள தலைக்கல்லின் அளவு தெரிகிறது. ஒரு தூணின் உயரம் நியூயார்க் பதிவேட்டில் இருக்கிறது. மூன்றையும் மனதில் அடுக்கினால் மேல்தளம் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அடுத்த கூடத்தில் வைத்திருக்கும் அந்த உடைந்த துண்டுகள் இல்லாவிட்டால் இந்தக் கணக்கை யாரும் போட முடியாது.